சமையலறை உப்பை மாற்றலாமா? குறைந்த சோடியம் உப்பு குறித்து நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

முக்கியக் கருத்துகள்

• வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், தின்பண்டங்கள் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.
• பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பு, பெரும்பாலான பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுகிறது.
• சிறுநீரக நோய் உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றி இவ்வுப்பைப் பயன்படுத்தக் கூடாது.
• கல் உப்பும் இந்துப்பும் குறைந்த சோடியம் உப்புகள் அல்ல.
• உப்பைக் குறைத்தாலும் மாற்றினாலும், இரத்த அழுத்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இப்பொருள் இப்போது ஏன் பேசப்படுகிறது?

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் ஒரு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. வீட்டில் சமைக்கும்போதும் உண்ணும்போதும் சேர்க்கும் சாதாரண உப்புக்குப் பதிலாக, பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பைப் பயன்படுத்தலாம் என்று அது பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில், சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள், மிகையான உப்பு நுகர்வு இந்தியாவில் ஓசையின்றிப் பரவும் ஒரு நலக்கேடாக மாறியுள்ளது என எச்சரித்தனர். உப்பு நுகர்வைக் குறைப்பதற்கான மூன்றாண்டுத் திட்டம் ஒன்றையும் அந்நிறுவனம் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் தொடங்கியுள்ளது.

இச்செய்திகளைப் படித்தவர்கள் பலரும் எழுப்பும் கேள்வி ஒன்றே: "எங்கள் வீட்டு உப்பை மாற்றிவிடலாமா?" இதற்கு அனைவருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. பலருக்கு நன்மை தரும் அதே உப்பு, சிலருக்கு உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். ஒரே அடுப்பில், ஒரே பாத்திரத்தில் சமைத்து உண்ணும் நம் குடும்பங்களில் இவ்விரு வகையினரும் சேர்ந்தே வாழ்கின்றனர். எனவே, முடிவெடுக்கும் முன் முழு விவரங்களையும் அறிந்துகொள்வது அவசியம்.

உப்பு இரத்த அழுத்தத்தை எவ்வாறு உயர்த்துகிறது?

நாம் பயன்படுத்தும் உப்பு, சோடியமும் குளோரைடும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் உள்ளது. நரம்புகள் செயல்படவும், தசைகள் இயங்கவும், உடலின் நீர்ச்சமநிலை காக்கப்படவும் சோடியம் இன்றியமையாதது. ஆனால் உடலுக்குத் தேவைப்படும் அளவு மிகச் சிறிது. மிகுதியானதைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது சிறுநீரகங்களின் பணி.

நாள்தோறும் தேவைக்கு மிகுதியாகச் சோடியம் சேரும்போது, அதனுடன் நீரும் உடலில் தங்குகிறது. குருதியின் கன அளவு கூடுகிறது. குருதிக்குழாய்ச் சுவர்களின் மீது அழுத்தம் உயர்கிறது. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால், குழாய்ச் சுவர்கள் தம் நெகிழ்வை இழந்து தடிக்கின்றன. இதயம் கூடுதலாக உழைக்க நேர்கிறது. மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் பழுதடைகின்றன. சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் படிப்படியாகக் குன்றுகிறது. பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய நான்குக்கும் உயர் இரத்த அழுத்தம் முதன்மையான காரணிகளுள் ஒன்று.

இவ்வளவும் பெரும்பாலும் எவ்வித வலியோ அறிகுறியோ இன்றி நிகழ்கிறது. "எனக்குத் தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை, ஆகவே அழுத்தம் இருக்காது" என்று கருதுவது தவறு. அளந்து பார்த்தாலன்றி அதை அறிய இயலாது.

பொட்டாசியத்தின் பணி இதற்கு நேர்மாறானது. அது சிறுநீர் வழியாகச் சோடியம் வெளியேறுவதை ஊக்குவிக்கிறது, குருதிக்குழாய்களைத் தளர்த்துகிறது. கீரைகள், காய்கறிகள், பழங்கள், பயறு வகைகள், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுந்துள்ளது. உப்பு மிகுந்தும் காய்கனிகள் குறைந்தும் உள்ள உணவுமுறை, ஒரே நேரத்தில் இருவழியிலும் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது.

நாம் எவ்வளவு உப்பு உட்கொள்கிறோம்?

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு வகுத்துள்ள உச்ச அளவு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2 கிராம் சோடியம். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் சுட்டிக்காட்டும் தரவுகளின்படி, இந்திய நகரங்களில் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9.2 கிராமும், ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 5.6 கிராமும் உட்கொள்கின்றனர். இரு பகுதிகளிலும் வரம்பு மீறப்படுகிறது. நகரங்களில் அது ஏறக்குறைய இருமடங்கை எட்டியுள்ளது.

இதன் விளைவு நோய்க் கணக்கெடுப்புகளில் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு தழுவிய அளவில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 31.5 கோடிப் பேருக்கு, அதாவது வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு, உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2020-இல் நடத்தப்பட்ட மாநில அளவிலான ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுப்பாட்டில் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இல்லங்களுக்கே மருந்துகள் வழங்கப்பட்டு வருகின்றன. அதன் பின் நடந்த இரண்டாம் சுற்று ஆய்வில் கட்டுப்பாட்டு விகிதம் ஏறக்குறைய 17 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமே. எனினும், ஆறு நோயாளிகளில் ஐவருக்கு அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதையும் இதே எண் உணர்த்துகிறது. மாத்திரை இல்லம் தேடி வந்தாலும், உணவில் உப்பு குறையாவிடில் அம்மாத்திரையின் பயனில் ஒரு பகுதி வீணாகிறது.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே அறியலாம்

இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. புதிய உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன் மீது எழுதி வையுங்கள். தீர்ந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். வயது வந்த நால்வர் வாழும் வீட்டில், ஒருவருக்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 20 கிராம் செலவாகலாம். அக்கணக்குப்படி ஒரு கிலோ உப்பு 50 நாள்கள் வர வேண்டும். அது 27 நாள்களிலேயே தீர்ந்துவிட்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 9 கிராமுக்கு மேல் செலவாகிறது என்று பொருள்.

ஊறுகாய் போடுவதற்கும் வற்றல் இடுவதற்கும் பயன்படுத்திய உப்பைத் தனியே கழித்துக்கொள்ளுங்கள். மாறாக, கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், மிக்சர், ரொட்டி, உணவக உணவு ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் வராது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். எனவே, பொட்டலம் 50 நாள்கள் வந்தாலும் வெளி உணவு மிகுதியாயின் உங்கள் நுகர்வு வரம்பைத் தாண்டியே இருக்கும். இது துல்லியமான அளவீடு அன்று. ஆயினும், மாதத்திற்கு மாதம் நிலைமை மேம்படுகிறதா என்பதை அறிய இதுவே எளிய வழி.

குறைந்த சோடியம் உப்பு என்பது யாது?

சாதாரண உப்பு ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு. குறைந்த சோடியம் உப்பில் அதன் ஒரு பகுதி நீக்கப்பட்டு, அதற்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. தோற்றத்தில் வேறுபாடு இராது. சுவையில் மிக மெல்லிய கசப்பு தோன்றலாம். குழம்பு, சாம்பார் போன்ற மசாலா சேர்ந்த உணவுகளில் பலர் அதை உணர்வதில்லை.

இது நமக்கு முற்றிலும் புதிய பொருளும் அன்று. தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014-ஆம் ஆண்டிலேயே அயோடின் கலந்த உப்புடன் குறைந்த சோடியம் உப்பையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆய்வுச் சான்றுகள் கூறுவது

இவ்வுப்பு குறித்த மிக முக்கியமான ஆய்வு சீனாவின் ஊரகப் பகுதிகளில் நடைபெற்றது. 600 கிராமங்களைச் சேர்ந்த 20,995 பேர் அதில் பங்கேற்றனர். அவர்கள் முன்னரே பக்கவாதம் ஏற்பட்டவர்கள், அல்லது 60 வயதைக் கடந்த, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 விழுக்காடு சோடியம் குளோரைடும் 25 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு வழங்கப்பட்டது. மீதிக் கிராமங்களில் மக்கள் வழக்கமான உப்பையே பயன்படுத்தினர். ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின், 2021-இல் முடிவுகள் வெளியாயின. மாற்று உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடும், இறப்பு 12 விழுக்காடும் குறைந்திருந்தன.

இந்த ஆய்வு நமக்கு ஏன் பொருந்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பிரிட்டனின் அனுபவத்துடன் அதை ஒப்பிடலாம். அங்கே மக்கள் உண்ணும் உப்பில் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி போன்ற ஆலைத் தயாரிப்புகளிலிருந்து வருகிறது. ஆகவே அந்நாட்டு அரசு உணவு நிறுவனங்களுக்கு இலக்குகளை வகுத்தது. சராசரி நுகர்வு 2003-இல் இருந்த 9.5 கிராமிலிருந்து 2011-இல் 8.1 கிராமாகக் குறைந்தது. இந்தியாவிலும் சீன ஊரகங்களிலும் நிலைமை வேறு. உப்பின் பெரும்பகுதி நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே உணவில் சேர்கிறது. எனவே, ஆலைகளில் மட்டும் மாற்றம் செய்வது இங்கே போதாது. வீட்டு உப்புப் பெட்டியிலும் மாற்றம் வேண்டும்.

உப்பை மாற்றாமல், குறைப்பதாலும் இதே திசையில் பயன் கிடைக்கிறது. பல ஆய்வுகளை ஒருங்கிணைத்த ஒரு மதிப்பீட்டின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.4 கிராம் உப்பைக் குறைத்தபோது, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 5 புள்ளிகள் இறங்கியது. ஒருவருக்கு இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இலட்சக்கணக்கானோரிடம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, இது பல்லாயிரம் பக்கவாதங்களைத் தடுக்கும் அளவாகிறது.

மாற்றுக் கருத்து ஒன்றும் உண்டு. உப்பு மிகக் குறைந்தாலும் தீங்கு நேரும் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அவற்றுள் பல, ஒரேயொரு வேளைச் சிறுநீர் மாதிரியைக் கொண்டு நாள் முழுமைக்குமான உப்பை மதிப்பிட்டவை. முன்னரே நோயுற்றோர் குறைவாக உண்பதும் அம்முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்ற விமர்சனம் அவற்றின் மீது உள்ளது. அவ்விவாதம் எவ்வாறு முடிந்தாலும், நாளொன்றுக்கு 9 கிராம் உட்கொள்பவர் அதைக் குறைக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

யார் இவ்வுப்பைத் தவிர்க்க வேண்டும்?

இப்பக்கத்தின் மிக இன்றியமையாத பகுதி இதுவே. நலமான சிறுநீரகங்கள் மிகுதியான பொட்டாசியத்தைத் தடையின்றி வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகங்களால் அது இயலாது. அப்போது குருதியில் பொட்டாசியம் உயரும். இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. அது கடுமையாக உயர்ந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து, திடீரென நின்றுவிடவும் கூடும். பல வேளைகளில் இதற்கு முன்னறிவிப்பு இராது.

பின்வருவோர் மருத்துவரின் அறிவுரையின்றிக் குறைந்த சோடியம் உப்பைப் பயன்படுத்தக் கூடாது:

• நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள்.
• பரிசோதனையில் பொட்டாசியம் மிகுந்திருப்பதாக முன்னர் கண்டறியப்பட்டவர்கள்.
• ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தைத் தேக்கும் நீர்ப்போக்கு மாத்திரைகளை உட்கொள்பவர்கள்.
• எனாலாபிரில், ராமிபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள். இவை இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் பரவலாக வழங்கப்படும் நல்ல மருந்துகள். ஆனால் இவையும் பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தக்கூடியவை.
• பொட்டாசியம் மாத்திரையோ திரவ மருந்தோ உட்கொள்பவர்கள்.
• கர்ப்பிணிகளும் குழந்தைகளும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இவ்விரு பிரிவினருக்கும் பொருந்தாது.

நான்காவது பிரிவினர் அஞ்ச வேண்டியதில்லை. சிறுநீரகங்கள் நலமாக இருப்பின், இம்மருந்துகளை உட்கொள்ளும் பலருக்கு மருத்துவர் இவ்வுப்பை அனுமதிக்கக்கூடும். முதலில் பரிசோதனை, பின்னர் முடிவு என்பதே இங்கு விதி. உப்பை மாற்றுவதற்காக மருந்தை நிறுத்துவது பெருந்தவறாகும்.

மேற்கூறிய சீன ஆய்வில், மாற்று உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பொட்டாசியம் மிகுதியால் நேரும் கடுமையான பாதிப்புகள் கூடியதாகத் தெரியவில்லை. இது ஆறுதல் தரும் செய்தி. ஆனால், கடுமையான சிறுநீரக நோய் இருப்பதாக அறியப்பட்டவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் கருத வேண்டும். அவர்களுக்கு இவ்வுப்பு பாதுகாப்பானது என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது.

தமக்குச் சிறுநீரக நோய் இருப்பதை அறியாமலே வாழ்பவர்கள் பலர். தொடக்க நிலையில் அந்நோய் அறிகுறிகளைக் காட்டுவதில்லை. நீரிழிவு அல்லது உயர் இரத்த அழுத்தம் பல ஆண்டுகளாக உள்ளவர்களுக்கு இவ்வாய்ப்பு மிகுதி. எனவே, உப்பை மாற்றும் எண்ணம் உள்ள ஒவ்வொரு வீட்டிலும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் முதலில் குருதியில் கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றையும், சிறுநீரில் புரதத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே வீட்டில் இரு தேவைகள் இருந்தால்?

தந்தைக்குச் சிறுநீரக நோய், தாய்க்கு உயர் இரத்த அழுத்தம், பிள்ளைகள் நலமாக உள்ளனர் என்று கொள்வோம். இத்தகைய குடும்பத்தில் எந்த உப்பை வாங்குவது? பராமரிப்பாளர்கள் பின்பற்றத்தக்க பாதுகாப்பான வழிகள் இவை:

முதலாவது, வீட்டில் ஒருவருக்கேனும் சிறுநீரக நோய் இருப்பின், பொதுச் சமையலுக்கு அயோடின் கலந்த சாதாரண உப்பையே பயன்படுத்தி, அதன் அளவைக் குறையுங்கள். குறைவான சாதாரண உப்பு அக்குடும்பத்தின் பெரியவர்கள் அனைவருக்கும் பொருந்தும். மாற்று உப்பு அவ்வாறு பொருந்தாது.

இரண்டாவது, மருத்துவர் ஒப்புதலுடன் ஒருவர் மட்டும் மாற்று உப்பைப் பயன்படுத்துவதாயின், அதை வேறு நிற மூடியுள்ள தனிப் பாத்திரத்தில் வைத்து, பெயரெழுதி ஒட்டுங்கள். சமைக்கும் அனைவரிடமும் இதைத் தெரிவியுங்கள். இரு உப்புகளும் ஒன்றுபோலவே தோன்றுவதால், கண்ணால் பிரித்தறிய இயலாது.

மூன்றாவது, உறவினர் வீட்டில் சில நாள்கள் தங்கும் சிறுநீரக நோயாளி, அவ்வீட்டில் எவ்வகை உப்பு பயன்படுத்தப்படுகிறது என்பதைத் தயங்காமல் கேட்டறிய வேண்டும். மருத்துவமனையில் சேரும்போதும், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களுடன் வீட்டு உப்பின் வகையையும் கூறுங்கள்.

கல் உப்பும் இந்துப்பும் நல்லவையா?

கல் உப்பு, பொடி உப்பு, இந்துப்பு, இளஞ்சிவப்பு உப்பு ஆகிய யாவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. நிறத்தையும் படிக அளவையும் தவிர, இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை இவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்துப்பில் உள்ள பிற தாதுக்களின் அளவு உடலுக்குப் பயன்தரும் அளவுக்கு இல்லை. மாறாக, இவற்றுள் பலவற்றில் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. அயோடின் குறைபாடு தைராய்டு சுரப்பியையும், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். இக்காரணத்தாலேயே இந்தியாவில் 2006 முதல், மக்கள் நேரடியாக உண்ணும் உப்பு அயோடின் கலந்ததாகவே விற்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. சாதாரண உப்பாயினும் குறைந்த சோடியம் உப்பாயினும், உறையில் அயோடின் குறிப்பு உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள்.

விலையும் கிடைக்கும் இடமும்

தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சென்னையில் 300 சில்லறை விற்பனைக் கடைகளில் ஆய்வு செய்தது. குறைந்த சோடியம் உப்பு 28 விழுக்காட்டுக் கடைகளில் மட்டுமே கிடைத்தது. பெரிய அங்காடிகளில் 52 விழுக்காடு. சிறிய மளிகைக் கடைகளில் வெறும் 4 விழுக்காடு. விலை 100 கிராமுக்குச் சராசரியாக 5.60 ரூபாய், சாதாரண அயோடின் உப்பின் விலையோ 2.70 ரூபாய்.

இருமடங்கு விலை என்பது பெரிதாகத் தோன்றினாலும், அதை மாதக் கணக்கில் பாருங்கள். நால்வர் உள்ள குடும்பம் வரம்புக்குள் உப்பைப் பயன்படுத்தினால் மாதத்திற்கு 600 கிராம் செலவாகும். கூடுதல் செலவு ஏறத்தாழ 17 ரூபாய். ஆகவே, பல குடும்பங்களுக்கு விலையைவிடப் பெரிய தடை, தெருமுனைக் கடையில் அது கிடைக்காமையே. நூறு சிறு கடைகளில் நான்கில் மட்டுமே ஒரு பொருள் விற்கப்படும்போது, அதைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுரை கூறுவதால் மட்டும் பயன் விளையாது. வழங்கல் முறையும் மாற வேண்டும். அதே வேளையில், அவ்வுப்பு சிறு கடைகளையும் சென்றடையும் நாளில், சிறுநீரக நோயாளிகளுக்கான எச்சரிக்கை உறையின் மீது தமிழில் தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதும் இன்றியமையாதது. நன்மை பரவும் வேகத்திலேயே எச்சரிக்கையும் பரவியாக வேண்டும்.

உப்பு கிடைக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். கீழ்க்காணும் வழிகளுக்குச் செலவே இல்லை.

இன்றே தொடங்கத்தக்க மாற்றங்கள்

• சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவு பிசையும்போதும் உப்புச் சேர்க்காதீர்கள். குழம்பிலும் பொரியலிலும் உள்ள உப்பே போதுமானது.
• உப்பைக் கையால் அள்ளிப் போடாமல், அளவுக்கரண்டியால் அளந்து போடுங்கள். அன்றைய தேவையைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துவைத்துக்கொள்வது மேலும் நன்று.
• இலையின் ஓரத்திலும் மேசையின் மீதும் உப்பு வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். மோருக்கும் பழங்களுக்கும் உப்பு வேண்டாம்.
• ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம், கருவாடு ஆகியவற்றை அன்றாட உணவாகக் கொள்ளாமல், எப்போதாவது உண்ணும் பண்டங்களாக மாற்றுங்கள். அப்பளத்தில் உப்புடன் அப்பளக்காரமும் சோடியத்தைச் சேர்க்கிறது. சமையல் சோடாவும் சுவையூட்டும் உப்பும் அத்தகையவையே.
• எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றால் சுவையைக் கூட்டுங்கள்.
• அளவைத் திடீரெனப் பாதியாக்காமல், வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு குறைந்த உப்புக்குப் பழகிவிடும். பழைய அளவு அப்போது கரிக்கத் தொடங்கும்.
• உறையிட்ட உணவுகளில் சோடியத்தின் அளவைப் படியுங்கள். பிரிட்டனில் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, 100 கிராமில் 120 மில்லிகிராம் சோடியம் வரை குறைவு. 600 மில்லிகிராமுக்கு மேல் மிகுதி. பிஸ்கட், ரொட்டி போன்ற இனிப்பான, உப்புக் கரிக்காத உணவுகளிலும் சோடியம் இருக்கும்.

உப்பு மட்டுமே இரத்த அழுத்தத்தை முடிவுசெய்வதில்லை. நாள்தோறும் விரைவான நடைப்பயிற்சி, உடல் எடைக் கட்டுப்பாடு, புகையிலையையும் மதுவையும் விலக்குதல், காய்கனிகளைக் கூட்டுதல் ஆகியவையும் சேர்ந்தே பயன் தரும். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் காய்கனிகளின் வகையிலும் அளவிலும் கட்டுப்பாடு தேவைப்படலாம். இளநீர், பழச்சாறு, கீரை ஆகியவற்றைப் பற்றி உங்கள் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டுத் தெளியுங்கள்.

உப்பைக் குறைக்கக் கூடாத வேளைகள்

கடும் வயிற்றுப்போக்கின்போது வழங்கப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலை, உப்பு மிகுதி என அஞ்சி நீர்த்துப்போகச் செய்யக் கூடாது. உறையில் கூறியபடியே முழு அளவில் கரைத்துக் கொடுங்கள். நீர்ப்போக்கு மாத்திரை உட்கொள்ளும் முதியவர்களுக்குச் சில வேளைகளில் குருதியில் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கக்கூடும். குழப்பம், மிகுந்த சோர்வு, தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள். உப்பை அறவே விலக்குவது எவருக்கும் உரிய இலக்கு அன்று.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அடுத்த முறை மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லும்போது, உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், வீட்டில் பயன்படுத்தும் உப்பின் உறையையும் எடுத்துச் சென்று இவற்றைக் கேளுங்கள்:

1. என் இரத்த அழுத்தம் இன்று எவ்வளவு? நான் எட்ட வேண்டிய அளவு எவ்வளவு?
2. என் சிறுநீரகங்கள் எந்நிலையில் உள்ளன? கிரியாட்டினின் பரிசோதனை கடைசியாக எப்போது செய்யப்பட்டது?
3. என் மாத்திரைகளுள் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியது ஏதேனும் உள்ளதா?
4. குறைந்த சோடியம் உப்பை நான் பயன்படுத்தலாமா? பயன்படுத்தினால் மீண்டும் எப்போது பரிசோதனை செய்ய வேண்டும்?
5. மூட்டுவலிக்கு நான் உட்கொள்ளும் வலி நிவாரணி, இரத்த அழுத்தத்தையோ சிறுநீரகத்தையோ பாதிக்குமா?

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். சிறுநீரக நோயாளிக்குத் திடீர்த் தசைத் தளர்ச்சியோ ஒழுங்கற்ற இதயத் துடிப்போ ஏற்பட்டாலும் அவ்வாறே செய்யுங்கள். தமிழ்நாட்டில் பொதுவான மருத்துவ ஐயங்களுக்கு 104 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்களே. உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரின் அறிவுரைக்கு இவை மாற்றாகா.